அரிஸ்டாட்டிலின் தாய்

மேலைத் தத்துவத்தில் நட்பைப் பற்றிப் படிக்கப் புகும் பெண்ணின் கண்ணில் முதலில் படுபவை வெளியேற்றங்கள்தாம். பிளேட்டோவின் ‘விருந்து’ உரையாடலில் ஆண்கள் காதலைப் பற்றிப் பேசுவது என்று முடிவெடுத்ததும், முதல் வேலையாகக் குழலூதும் பெண்ணை வெளியே அனுப்பிவிடுகிறார்கள். சாக்ரடீஸ் நஞ்சருந்தும் நாளைச் சொல்லும் ‘ஃபைடோ’வில், அழுது அரற்றும் மனைவி சாந்திப்பே வீட்டுக்கு அழைத்துச் செல்லப்படுகிறாள், அதன் பிறகே நண்பர்கள் ஆன்மாவைப் பற்றிப் பேச உட்காருகிறார்கள். காதலின் உச்சநிலை எது என்று சாக்ரடீஸுக்குக் கற்பித்தவள் தியோதிமா என்கிற பெண்தான். ஆனால் அவள் அந்த அறையில் இல்லை. அவள் சொன்னதாகச் சாக்ரடீஸ்தான் சொல்கிறார்.

இதைப் பற்றியெல்லாம் பெண்ணியவாதிகள் நிறையவே எழுதியிருக்கிறார்கள். எனக்கு இதைவிட முக்கியமாகப் படுவது, வெளியே அனுப்பப்படாத ஒருத்தி. அரிஸ்டாட்டிலின் நட்புக் கோட்பாட்டின் நடுவிலேயே அவள் நின்றுகொண்டிருக்கிறாள். அவள் தாய்.

‘நிக்கோமாக்கியன் அறவியல்’ பத்துப் புத்தகங்களைக் கொண்டது. நீதிக்கு ஒரு புத்தகம் ஒதுக்கிய அரிஸ்டாட்டில், ஃபிலியாவுக்கு எட்டாவது, ஒன்பதாவது என்று இரண்டு புத்தகங்களை ஒதுக்குகிறார். ஃபிலியாவை ‘நட்பு’ என்று தமிழில் சொல்லிவிடுகிறோம். கிரேக்கச் சொல்லின் வீச்சு இன்னும் பெரிது. பெற்றோரும் பிள்ளைகளும், கணவனும் மனைவியும், ஒரே கப்பலில் பயணம் செய்பவர்கள், ஒரே படையில் நிற்பவர்கள் என எல்லா உறவுகளும் அதற்குள் வருகின்றன. பயனுக்காக வருவது, இன்பத்துக்காக வருவது, நற்குணத்தால் வருவது என அவர் மூன்று வகை சொல்வதும், மூன்றாவதையே முழுமையான நட்பு என்பதும் வகுப்பறைகளில் நன்கு அறிமுகமானவை. அந்த நட்பு நல்லவர்களுக்கு இடையில்தான் வரும். மற்றவருடைய நலத்தை அவருக்காகவே விரும்ப வேண்டும், அந்த விருப்பம் இருபுறமும் இருக்க வேண்டும், அது இருவருக்கும் தெரிந்திருக்கவும் வேண்டும். அதற்குக் காலம் பிடிக்கும். சேர்ந்து அவ்வளவு உப்புத் தின்றால்தான் ஒருவரை ஒருவர் அறிய முடியும் என்ற பழமொழியை நினைவூட்டுகிறார். (உப்பிட்டவரை நினைக்கச் சொல்கிறது நம் பழமொழி. அரிஸ்டாட்டிலின் பந்தியில் உப்பைப் போட்டது யார் என்று யாரும் கேட்பதில்லை.)

கணவன் மனைவி உறவை அவர் சமமில்லாதவர்களின் நட்போடு சேர்க்கிறார். இருவரும் நற்குணம் உள்ளவர்களாக இருந்தால் அதுவும் நற்குண நட்பாகலாம் என்று ஒரு வாசலைத் திறந்துவைக்கவும் செய்கிறார். அதை மறைக்க வேண்டியதில்லை. தன் காலத்து ஆண்கள் பலரைவிட அவர் இங்கே தாராளமானவர்.

தாய் வரும் இடம் வேறு. எட்டாவது புத்தகத்தில் ஒரு கேள்வி எழுகிறது: நட்பு என்பது அன்பு செலுத்துவதா, அன்பு செலுத்தப்படுவதா? பெரும்பாலோர் தாம் நேசிக்கப்படுவதையே விரும்புகிறார்கள். அரிஸ்டாட்டிலோ அன்பு செலுத்துவதில்தான் நட்பு இருக்கிறது என்கிறார். அதற்கு அவர் காட்டும் சான்று, பிள்ளையை வளர்க்க வேறொருத்தியிடம் கொடுத்துவிட்ட தாய். பிள்ளைக்கு அவளைத் தாய் என்றே தெரியாது. அதனால் தாய்க்குரிய எதையும் அது அவளுக்குத் திருப்பித் தருவதில்லை. பிள்ளை நன்றாக இருப்பதைப் பார்த்தாலே போதும் என்று அவள் நேசித்துக்கொண்டே இருக்கிறாள்.

ஒன்பதாவது புத்தகத்தில் நண்பனுக்கு அடையாளங்கள் வகுக்கும்போதும் அவள்தான் வருகிறாள். நண்பன் உயிரோடு இருக்க வேண்டும் என்று அவனுக்காகவே விரும்புவது ஓர் அடையாளம்; பிள்ளைகளிடம் தாய்மார்களுக்கு இருப்பதுபோல என்கிறார். நண்பனுடன் சேர்ந்து துயரப்படுவதும் மகிழ்வதும் இன்னோர் அடையாளம். இதுவும் தாய்மார்களிடம்தான் அதிகம் என்கிறார். பிறகு, தந்தையைவிடத் தாயே பிள்ளையை அதிகம் நேசிக்கிறாள், பெறுவதில் அவளுக்கே பாடு அதிகம் என்றும் ஒப்புக்கொள்கிறார்.

சான்று இவ்வளவும் அவளிடமிருந்துதான் வருகிறது. ஆனாலும் முழுமையான நட்பு என்ற பட்டம் அவளுக்கு இல்லை. சமம் இல்லையே, அன்பு இருபுறமும் இல்லையே என்பதே காரணமாக இருக்கும். நட்பின் சாரம் என்ன என்று கண்டுபிடிக்கத் தாய் வேண்டும். அந்தச் சாரத்துக்கு உரிமை கொண்டாட ஏதென்ஸின் குடிமக்கள் இருவர் வேண்டும்.

இதே புத்தகத்தின் பிற்பகுதியில் விஷயம் இன்னும் மோசமாகிறது. துன்பத்தில் நண்பன் அருகில் இருக்கலாமா என்ற ஆராய்ச்சி அங்கே நடக்கிறது. ஆண்மையுள்ளவர் தம் துயரத்தை நண்பர்மேல் ஏற்றத் தயங்குவார். கூட அழுபவர்களைக் கண்டு ஆறுதல் கொள்வது பெண்களும் பெண்போன்ற ஆண்களும்தான் என்று அரிஸ்டாட்டில் முடிவு சொல்கிறார். சில பக்கங்களுக்கு முன் நட்பின் அடையாளமாக இருந்த கூடத் துயரப்படுதல், இங்கே பலவீனத்தின் அடையாளமாகிவிட்டது. இரண்டையும் பொருத்திக்காட்ட முடியும் என்று அரிஸ்டாட்டிலின் வக்கீல்கள் சொல்வார்கள். துயரில் பங்கெடுப்பது ஒன்று, பங்கெடுக்கச் சொல்வது வேறு என்பார்கள். இருக்கட்டும். அப்படியானால் பங்கெடுப்பவளுக்கு ஒரு நாள் துயரம் வரும்போது அவள் எங்கே போவாள்?

அந்த உதாரணத்தில் இன்னொரு பெண்ணும் இருக்கிறாள். பிள்ளையை யாரிடம் கொடுத்தாள் அந்தத் தாய்? ஏதென்ஸில் பிறர் பிள்ளைக்குப் பாலூட்டியவர்கள் பெரும்பாலும் அடிமைப் பெண்களும் ஏழைகளும். டெமாஸ்தெனிஸ் எழுதிய ஒரு வழக்குரையில் இதற்குச் சான்று கிடைக்கிறது. யூக்சிதியஸ் என்பவரின் தாய் வறுமையால் செவிலியாக வேலை பார்த்ததும், சந்தையில் ரிப்பன் விற்றதும், அவருடைய குடியுரிமையே செல்லாது என்பதற்கு ஆதாரமாக எதிர்த்தரப்பால் காட்டப்பட்டன. கொடுத்த தாயின் அன்பு தத்துவமாயிற்று. வாங்கி வளர்த்தவளின் பால் நீதிமன்றத்தில் அவமானமாயிற்று.

இதற்கு மாற்றாகத் தாயையே நட்பின் முன்மாதிரியாக உயர்த்தலாமா? பராமரிப்பு அறவியல் என்ற பெயரில் ஏறத்தாழ அதைச் செய்து பார்த்தவர்கள் உண்டு. நான் உடன்படவில்லை. அரிஸ்டாட்டில் அந்தத் தாயைப் புகழ்வது அவள் எதையும் திருப்பிக் கேட்காததற்காக. அந்தப் புகழ்ச்சி நமக்குப் புதிதல்ல. நம் வீடுகளில் அன்றாடம் சோற்றோடு சேர்த்துப் பரிமாறப்படுவது. அன்பு இருபுறமும் வேண்டும், அது இருவருக்கும் தெரிந்திருக்க வேண்டும் என்று ஆண்களுக்கு அவர் வகுத்த நிபந்தனையைத்தான் நாம் எடுத்துக்கொள்ள வேண்டும். தாய்க்கும் மகளுக்கும் இடையிலும் அதைக் கேட்கலாம், கேட்க வேண்டும்.

அரிஸ்டாட்டில் இறந்தது கி.மு. 322இல். அதற்கு ஏறத்தாழப் பதினைந்து ஆண்டுகளுக்குப் பின் எபிகூரஸ் ஏதென்ஸில் தன் ‘தோட்ட’த்தைத் தொடங்கினார். பெண்களும் அடிமைகளும் அதில் இருந்தார்கள். அங்கிருந்த லியோன்டியன், அரிஸ்டாட்டிலின் வாரிசான தியோஃப்ராஸ்டஸை மறுத்து ஒரு நூலே எழுதினாள். அந்த நூல் நமக்குக் கிடைக்கவில்லை. கிடைத்திருப்பது சிசரோ அவளை வேசி என்று இகழ்ந்த வரி. அவளுடைய கிரேக்க நடை நன்றாக இருந்ததை மட்டும் அவரால் மறுக்க முடியவில்லை.

பிறகு பல நூற்றாண்டுகளுக்கு வாதம் பெரிதாக மாறவில்லை. இறந்துபோன நண்பர் லா போயெசியை நினைத்து 1580இல் வெளியான கட்டுரையில், அப்படிப்பட்ட பிணைப்பைத் தாங்கும் உறுதி பெண்ணின் ஆன்மாவுக்கு இல்லை என்று மோன்டேன் எழுதினார். அவர் இறந்த பின் 1595இல் அவருடைய கட்டுரைகளைப் பதிப்பித்தவர் மாரி த குர்னே என்ற பெண்.

அரிஸ்டாட்டிலின் நிபந்தனையைப் பெண்களுக்காகக் கேட்டுப் பார்த்தவர்களில் ஒருவர் கேத்தரின் பிலிப்ஸ். 1632இல் லண்டனில் பிறந்து, பதினாறு வயதில் மணமாகி வேல்ஸுக்குப் போனவர். தோழிகளுக்கு ரொசானியா, லுகாசியா என்று பெயர் சூட்டி, ஆண்கள் தமக்கென்று வைத்திருந்த ‘ஈருடல் ஓருயிர்’ மொழியிலேயே அவர்களுக்குக் கவிதை எழுதினார். ஜெரமி டெய்லர் என்ற பாதிரியார் 1657இல் நட்பைப் பற்றிய தன் நூலை அவருக்கே எழுதினார். பெண்களும் நட்புக்கு உரியவர்கள்தாம் என்று அதில் ஒப்புக்கொண்டார். ஆனால் ஆலோசனை சொல்வதில் சில நேரங்களில் அறிவுள்ள ஆணுக்கு ஈடாக மாட்டார்கள் என்றார்.

பிலிப்ஸின் சிக்கல் ஆலோசனையில் இல்லை. ரொசானியா அவருக்குச் சொல்லாமல் மணம் செய்துகொண்டாள். விதவையாகியிருந்த லுகாசியா 1662இல் அயர்லாந்தில் நிலமுள்ள ஒருவரை மணந்தாள். தன் நண்பர் ஒருவருக்கே அவளை மணமுடித்து அருகில் வைத்துக்கொள்ளப் பிலிப்ஸ் செய்த முயற்சி பலிக்கவில்லை. தோழியின் கல்யாணம் தோழமைக்குச் சாவு என்கிற பொருளில் அந்த நண்பருக்குக் கடிதம் எழுதினார். சேர்ந்து வாழ்வதே நட்பு என்று அரிஸ்டாட்டில் எளிதாகச் சொல்லிவிட்டார். எந்த ஊரில், யார் வீட்டில் வாழ்வது என்பதைத் தோழிகள் இருவரில் ஒருத்தியும் முடிவுசெய்ய முடியாதபோது அந்த வரிக்கு என்ன பொருள்? பிலிப்ஸ் புதுமணத் தம்பதியுடன் டப்ளினுக்கே போனார். ஏறத்தாழ ஓராண்டு அங்கே தங்கினார். கோர்னேயின் நாடகம் ஒன்றை மொழிபெயர்த்தார். 1663இல் அது டப்ளினில் மேடையேறிப் பெரும் பாராட்டுப் பெற்றது. அந்த ஆண்டே தனியாக வேல்ஸுக்குக் கப்பலேறினார். அடுத்த ஆண்டு லண்டனில் பெரியம்மையில் இறந்தபோது அவருக்கு வயது 32.