பாரிஸ் முத்திரையும் மயில் மார்க்கும்: ‘விண்டேஜ்’ ரப்பர் ஸ்டாம்ப் பற்றி

கையால் வாழ்த்து அட்டை செய்கிறவர்களுக்கென்று ஆன்லைனில் விற்கும் ‘விண்டேஜ்’ ரப்பர் ஸ்டாம்ப் செட்களைப் பத்து பதினைந்து வரிசையாகத் திறந்து பாருங்கள். ஈபிள் கோபுரம், அகலத் தொப்பி வைத்த விக்டோரியா காலத்துச் சீமாட்டி, சங்கிலி கோத்த பாக்கெட் கடிகாரம், டைப்ரைட்டர், ரோஜா, நெளிநெளியாகக் கோடு ஓடும் பாரிஸ் தபால் முத்திரை. பின்னணிக்கு, யாரோ யாருக்கோ பிரெஞ்சில் எழுதிய கடிதத்தின் நாலு வரி. அட்டையை டீத்தண்ணியில் முக்கிக் காயவைத்து, ஓரத்தில் பழுப்பு மை தேய்த்துவிட்டால் நூறு வருஷம் ஆன மாதிரி ஆகிவிடும்.

இது வெளிநாட்டுச் சரக்கு என்பது என் புகார் இல்லை. வாழ்த்து அட்டையே அங்கிருந்து வந்ததுதான். 1843இல் லண்டனில் ஹென்றி கோல் என்பவர் கிறிஸ்துமஸுக்கு அச்சடிக்க வைத்த ஆயிரம் அட்டைகளில் இருந்துதான் இந்த வியாபாரத்தின் கதையை ஆரம்பிப்பார்கள். ரப்பர் ஸ்டாம்பும் நம்ம ஊர்ச் சாமான் இல்லை. நம்ம பக்கம் அதுக்குப் பேரே ‘சீல்’. தலையாரி, வி.ஏ.ஓ., ஹெட்மாஸ்டர் என்று அதிகாரம் உள்ள கை குத்துவது. அந்தச் சீலை ஒரு பிள்ளை எடுத்துப் பூவும் பறவையும் குத்துகிறது என்றால் எனக்குச் சந்தோஷம்தான். கேள்வி வேறு: பழசு மாதிரி தெரிய வைக்கிறோமே, அது யாருடைய பழசு?

என் அக்கா மகள் கோவில்பட்டியில் இருக்கிறாள். பொங்கலுக்கு அட்டைகள் செய்தாள். இந்தக் கேள்வியை அவளும் கேட்டிருக்கிறாள் என்பது அட்டைகளைப் பார்த்தவுடனே தெரிந்தது. பாரிஸை ஒதுக்கிவிட்டு, சீல் கடையில் படம் கொடுத்து மூன்று ஸ்டாம்ப் செய்யச் சொல்லியிருக்கிறாள். மூன்றையும் தனித்தனியாகப் பார்க்கணும்.

முதல் அட்டையில் பாஞ்சாலங்குறிச்சிக் கோட்டை வாசல், பழுப்பு மையில், வெடிப்பு விழுந்த மாதிரி கோடுகளோடு. பார்க்க நல்லாத்தான் இருக்கு. ஆனால் கட்டபொம்மன் 1799இல் கயத்தாறில் தூக்கில் போடப்பட்டு, ஊமைத்துரை கோட்டையைத் திரும்பக் கட்டி, 1801இல் கும்பெனிப் படை மறுபடி பிடித்தபோது அதைத் தரைமட்டமாக்கிவிட்டது. இன்று நாம் போட்டோ எடுத்துக்கொள்ளும் வாசல் 1974இல் தமிழக அரசு கட்டிய நினைவுக்கோட்டை. அதாவது என் வயசைவிட ஏழெட்டு வருஷம்தான் மூத்தது. அதற்கு டீக்கறை பூசி இருநூறு வருஷம் ஏற்றுவதும், நம்ம அட்டையில் பாரிஸ் முத்திரை குத்துவதும் ஒரே வேலைதான். உண்மையான பழைய கோட்டை என்றால் பக்கத்தில் கிடக்கும் அடித்தளம்தான். அதில் ஸ்டாம்புக்கு ஆகிற மாதிரி ஒன்றும் இல்லை. 1974 கட்டடத்தை 1974 கட்டடமாகவே, பளிச்சென்று ஒரு நிறத்தில் குத்தியிருக்கலாம்.

இரண்டாவது, கொண்டையராஜு பாணியில் ஒரு லட்சுமி. கோவில்பட்டியில் காலண்டர் படம் என்றால் அவர் பேர்தான். நாடகக் கம்பெனிக்குத் திரைச்சீலை எழுதியவர், 1940களில் இந்த ஊரில் தங்கி, சீடர்களைச் சேர்த்துக்கொண்டு வரைந்த சாமி படங்கள் சிவகாசி அச்சில் ஏறி வீட்டுக்கு வீடு தொங்கின. 1976இல் காலமானார். தேர்வு சரி, ஸ்டாம்ப் சரியில்லை. காரணம் எங்கள் தொழில்காரனுக்குச் சட்டென்று புரியும்: ரப்பர் ஸ்டாம்ப் ஒரே ஒரு பிட். மை படும், இல்லை படாது; நடுவில் எதுவும் கிடையாது. கொண்டையராஜுவின் லட்சுமி முழுக்க நடுவில்தான் இருக்கிறாள். கன்னத்துச் சிவப்பு, மேகத்து வெளிறல், நகையின் மினுக்கம் எல்லாம் படிப்படியாகக் கரையும் நிறம். அதைப் புள்ளி புள்ளியாக உடைத்து ரப்பரில் ஏற்றியதில் அம்மன் முகத்தில் அம்மை போட்டது மாதிரி ஆகிவிட்டது.

மூன்றாவதுதான் அட்டை. மயில் மார்க் தீப்பெட்டி லேபிள் ஒன்றை மாதிரியாக வைத்து, சிவப்புக்கு ஒன்று, நீலத்துக்கு ஒன்று என இரண்டு ஸ்டாம்ப். நீலம் ஒரு மில்லிமீட்டர் தள்ளி விழுந்திருக்கிறது. அது பிழை இல்லை, அந்தக் கால லேபிளிலும் அப்படித்தான் தள்ளி விழும். 1920களில் அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தா போய்த் தீப்பெட்டி செய்யக் கற்றுக்கொண்டு வந்த பிறகு, பெட்டிக்கு லேபிள் வேண்டும் என்ற தேவையில் வளர்ந்ததுதான் சிவகாசி அச்சுத்தொழில். லேபிளின் இலக்கணம் கறாரானது. எழுத்துத் தெரியாதவரும் கடையில் ‘மயில் மார்க் குடு’ என்று கேட்க முடியணும். விரல் அகலத்தில் ஒரே உருவம், தடித்த கோடு, இரண்டு மூன்று தட்டை நிறம். ரப்பர் ஸ்டாம்புக்கு வேண்டியதும் அதேதான். பழசு போல நடிக்க வைக்காமலே அது பழசாக இருக்கிறது.

இதிலும் ஒரு சங்கடம் இருக்கு. லேபிள் அழகு, பெட்டிக்குள் இருந்தது அழகில்லை. இந்த வட்டாரத்தில் பெட்டி ஒட்டியதும் குச்சி அடுக்கியதும் பெண்களும் பள்ளிக்கூடம் போகாத பிள்ளைகளும். 1986இல் குழந்தைத் தொழிலாளர் சட்டம் வந்தபோது நாடு முழுக்க உதாரணம் காட்டிய இடங்களில் சிவகாசியும் ஒன்று. என் அம்மா சின்ன வயசில் பெட்டி ஒட்டியவள். பேத்தி கொடுத்த அட்டையை வாங்கியவள் மயிலைப் பார்க்கவே இல்லை. திருப்பி, மடிப்பை விரலால் தடவி, “பசை ஓரத்துக்கு வரல பாரு, ரெண்டு நாள்ல தூக்கிரும். இப்படி ஒட்டினா குரோஸைத் திருப்பி விட்ருவாம்ல” என்றாள். அந்த அட்டைக்கு இதைவிடப் பொருத்தமான விமர்சனம் என்னால் எழுத முடியாது.

மூன்று அட்டையிலும் உள்பக்கம் காலி. ‘இனிய பொங்கல் வாழ்த்துகள்’ என்று ஒரு ஸ்டாம்ப், அவ்வளவுதான். தந்தி ஆபீசில் வாழ்த்து வாக்கியங்களுக்கு எண் இருந்தது. எண்ணைச் சொன்னால் அந்தப் பக்கம் முழு வாக்கியமாக இறங்கும். தந்திக்கு அது சரி, வார்த்தைக்குக் காசு. 2013 ஜூலையில் தந்தியே நின்றுபோனது. மூன்று நாள் உட்கார்ந்து செய்த அட்டைக்கு எதுக்கு அந்தச் சிக்கனம்? இடைசெவல் கி.ரா. தன் கட்டுரைகளுக்குக் ‘கரிசல் காட்டுக் கடுதாசி’ என்று பேர் வைத்த சீமை இது. கேட்டதுக்கு, “வாட்ஸாப்ல தெனமும் பேசுதோமே மாமா, புதுசா எழுத என்ன இருக்கு?” என்றாள். நியாயமான பதில். அப்படியானால் உள்பக்கம் எதுக்கு, ஒற்றை அட்டையாகவே விடலாமே என்று சொல்லியிருக்கிறேன். அவள் இன்னும் முடிவு செய்யவில்லை.

எழுத்து விஷயம் தனி. ஆங்கில ஸ்டாம்ப் செட்டில் 26 எழுத்து, சின்னதும் பெரிசுமாக 52. தமிழுக்குக் கணக்குப் போட்டேன்: உயிர் 12, ஆய்தம் 1, மெய் புள்ளியோடு 18, புள்ளி இல்லாமல் 18, இ, ஈ, உ, ஊ வரிசைகள் 72, தனியாக நிற்கும் கால், கொம்பு வகைகள் 4. ஆக 125, கிரந்தம் சேர்க்காமல். அதனால்தான் அவள் முழு வாக்கியமாகவே வெட்டச் சொன்னாள். அந்த வாக்கியம் இன்றைய கணினி எழுத்துருவில் இருந்தது. மயில் மார்க்குக்குக் கீழே உறுத்துகிறது. 1978 எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முன்னால் லை, ளை, ணை, னை நாலும் யானைத் துதிக்கை மாதிரி தலையில் சுழித்துக்கொண்டு வரும். ணா, றா, னா காலை மடக்கிக்கொண்டு நிற்கும். பழைய பாணி வேண்டுமென்றால் டீக்கறையைவிட அந்த ஒரு ‘லை’ அதிகம் வேலை செய்யும். இன்றைய எழுத்துருக்களில் அது சுலபமாகக் கிடைக்காது, பழைய பாடப்புத்தகத்தைப் பார்த்துக் கையால் வரைந்துதான் கொடுக்கணும். சீல் கடையில் அதை வாங்கிக்கொள்வார்கள்: வெள்ளைத் தாளில் கறுப்பு மை, சாம்பல் நிறம் எங்கேயும் இருக்கக் கூடாது, மெல்லிய கோடு வேண்டாம்.