புகையிலைத் தண்ணீரும் பொறிவண்டும்

போஞ்சிக் கொடியின் நுனியைத் திருப்பிப் பார்த்தால் கறுப்பாக மொய்த்துக் கிடக்கும். பேன் அளவுதான் இருக்கும். எங்கள் பக்கத்தில் அழுக்கணவன் என்போம். விரலால் வழித்தால் பிசுபிசுக்கும். எறும்பு வரிசையாக ஏறி இறங்கும். ஹாலிஎலயில் ஆடி மாதம் கச்சான் காற்று அடித்து மண் காய்ந்ததும் இது வந்துவிடும். லயத்துக்குப் பின்னால் நாலு பாத்தி மரக்கறி போட்டிருக்கிற வீடுகளில் அப்போது காதில் விழும் கேள்வி ஒன்றுதான்: "என்னா மருந்து அடிச்சீங்க?"

கடையில் வாங்கும் பூச்சிகொல்லியும் எங்களுக்கு மருந்துதான், அம்மியில் அரைத்த பூண்டும் மருந்துதான். பெயர் ஒன்றாக இருப்பதால் அளவுகோலும் ஒன்றாகிவிட்டது. அடித்த மறுநாள் பூச்சி செத்ததா, இல்லையா என்று மட்டும் பார்க்கிறோம். வீட்டுக் கரைசலை அப்படிப் பார்த்தால் அதன் பலமும் பிடிபடாது, ஆபத்தும் பிடிபடாது. பல வருடங்களாக இந்தப் பாத்திகளில் அரைத்து, ஊறவைத்து, தெளித்துப் பார்த்த பிறகுதான் எனக்கே இது விளங்கியது.

பலத்திலிருந்து தொடங்குகிறேன். எங்கள் லயக் காம்பரா பத்தடிக்குப் பன்னிரண்டடி. அதற்குள்தான் சமையலும் படுக்கையும் பிள்ளைகளின் படிப்பும். அங்கே பீடைநாசினிப் போத்தல் ஒன்றைப் பிள்ளைகளின் கைக்கு எட்டாமல் வைக்க இடமே கிடையாது. கோபமும் துக்கமும் தலைக்கேறும் நேரத்தில் பெரியவர்களின் கைக்கும் அது எட்டும். 1995ல் இலங்கையில் தற்கொலை ஒரு லட்சம் பேருக்கு 47 என்ற உச்சத்தில் இருந்தது. அந்த வருடத்திலிருந்து மிகக் கொடிய நஞ்சுகளை அரசு படிப்படியாகத் தடைசெய்தது. 1998ல் எண்டோசல்பான், 2008க்குப் பிறகு பரகுவாட், டைமெத்தோயேட், பென்தியன். இரண்டு தசாப்தங்களில் தற்கொலை விகிதம் ஏறத்தாழ 70 வீதம் இறங்கியது. நஞ்சு கைக்கெட்டும் தூரத்தில் இல்லாமல் போனதே உயிர்களைக் காத்தது என்று அதை ஆராய்ந்தவர்கள் சொல்கிறார்கள். நாலு பாத்திப் போஞ்சிக்காக அப்படியொரு போத்தலை வீட்டுக்குள் கொண்டுவராமல் இருப்பது, என் கணக்கில், இந்தக் கைமுறையின் முதல் நன்மை. விளைச்சல் அதற்கு அடுத்ததுதான்.

சவுக்காரத் தண்ணீரை எடுத்துக்கொள்வோம். ஒரு லீற்றர் தண்ணீருக்கு 5 கிராம் சவுக்காரத்தைச் சீவிப் போட்டுக் கரைத்துத் தெளித்தால் அழுக்கணவன் சாகும். அதன் மெல்லிய தோலைச் சவுக்காரம் சிதைத்துவிடுகிறது. ஆனால் ஈரம் காயும் வரைதான் அதற்கு வேலை. எந்தப் பூச்சியின் மேல் படுகிறதோ அதுதான் சாகும். இலையின் அடிப்பக்கம் நனையாவிட்டால் அடித்ததும் அடிக்காததும் ஒன்று. சவுக்காரத்துக்குப் பதிலாக உடுப்புத் துவைக்கும் பவுடரைப் போட்டு, இலை ஓரமெல்லாம் கருகிப்போன பாத்திகளை நான் கண்டிருக்கிறேன்.

வேம்பின் கதை இன்னும் நுணுக்கமானது. 1959ல் சூடானில் வெட்டுக்கிளிக் கூட்டம் எல்லா மரத்தையும் மொட்டையடித்துவிட்டு வேப்ப மரத்தை மட்டும் விட்டுப் போனதை ஜெர்மன் பூச்சியியலாளர் ஹைன்ரிச் ஷ்முட்டரர் கவனித்தார். 1968ல் வேப்பங்கொட்டையிலிருந்து அசாடிராக்டின் பிரித்தெடுக்கப்பட்டது. அது பூச்சியை உடனே கொல்வதில்லை. தின்னும் ஆசையைக் கெடுக்கிறது, தோலுரிப்பதைக் குலைக்கிறது. மாலையில் தெளித்தவர் காலையில் போய்ப் பார்த்தால் புழு இலையில் அப்படியே இருக்கும். "சும்மா கசப்புத் தண்ணி" என்று சொல்லி அன்றைக்கே கைவிட்டுவிடுகிறார்கள். அந்தப் புழு இலையைத் தின்கிறதா என்று யாரும் குனிந்து பார்ப்பதில்லை.

முழுக் கொட்டைச் சாற்றுக்கு இன்னொரு பெருமையும் உண்டு. 1995ல் வெளியான ஓர் ஆய்வில் அழுக்கணவன் இனம் ஒன்றை நாற்பது தலைமுறைக்கு வளர்த்தார்கள். தனி அசாடிராக்டின் கொடுத்த கூட்டத்தில் எதிர்ப்புச் சக்தி ஒன்பது மடங்கானது. வேப்பங்கொட்டைச் சாற்றை அப்படியே கொடுத்த கூட்டத்தில் அது வரவில்லை. சாற்றில் பல சேர்மங்கள் கலந்திருப்பதால், எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் தாங்கப் பூச்சிக்கு முடிவதில்லை. கோவாவைத் தின்னும் வைரமுதுகு அந்துப்பூச்சியின் புழுவை நினைத்தால் இதன் அருமை விளங்கும். டி.டி.டி.க்கு 1953லேயே ஜாவாவில் எதிர்ப்பு காட்டிய பூச்சி அது. வெலிமடையிலும் பண்டாரவளையிலும் கோவா போடுகிறவர்கள் வருடத்துக்கு ஒரு புதுப் போத்தலைத் தேடி அலைவதற்குக் காரணமும் அதே குணம்தான்.

ஆனால் வேம்பு எங்கள் மரமில்லை. அது வறண்ட சமவெளியின் மரம். எல்லவிலிருந்து வெல்லவாய இறங்கும் பாதையில் பஸ்ஸில் போனால், கீழே போகப்போக வெக்கை முகத்தில் அடிக்கும், வேம்பும் கண்ணில் படும். குளிரும் ஈரமும் மாறிமாறி வரும் எங்கள் மேட்டில் அது சுகமாய் வளர்வதில்லை. ஆகவே இங்கே பலர் கிடைத்த வேப்பிலையை அவித்துத் தெளிக்கிறார்கள். சரக்கு கொட்டைக்குள் இருக்கிறது, இலையில் மிகக் குறைவு. கொட்டை கிடைத்தாலும் பழசாகியிருக்கும். எட்டுப் பத்து மாதம் தாண்டிய கொட்டையில் வீரியம் இறங்கிவிடும் என்பது தமிழ்நாட்டு வேளாண் பரிந்துரைகளில் வழக்கமாகச் சொல்லப்படுவது. அங்கே வேப்ப மரத்தடியில் இருப்பவருக்காக எழுதிய முறையை ஒரு வார்த்தை மாற்றாமல் மலைக்குக் கொண்டுவந்துவிட்டு, பலிக்கவில்லை என்று வேம்பைக் குறை சொல்வது நியாயமில்லை. பாதையோரமெல்லாம் மஞ்சளாய்ப் பூத்து நிற்கும் காட்டுச் சூரியகாந்தியிலும் பூச்சி விரும்பாத கசப்பு உண்டு. பத்தனைப் புல்வெளியில் மானாப் புல் இருக்கிறது. நம் கைக்கருகில் இருக்கும் இவற்றை அளந்து, தெளித்து, எழுதிவைத்தவர்கள் மிகக் குறைவு. எனக்கு இதில்தான் பெரிய வருத்தம்.

தமிழ்நாட்டு இயற்கை விவசாயிகளிடம் ஒரு விதி உண்டு: ஆடு தின்னாத இலை, ஒடித்தால் பால் வடியும் இலை, கசக்கும் இலை. இவற்றைச் சேர்த்து ஊறவைத்தால் பூச்சி விரட்டி. தன்னைக் காக்கச் செடி வைத்திருக்கும் ஆயுதத்தை இரவல் வாங்குகிற இந்த யோசனை அழகானது. ஆனால் ஆடு ஏன் தின்பதில்லை என்பதையும் கூடவே கேட்கவேண்டும். அலரியையும் ஊமத்தையையும் ஆடு ஒதுக்குவதற்கு ருசி மட்டும் காரணமில்லை.

புகையிலைத் தண்ணீரை நான் பல வருடம் தெளித்தவன். வெற்றிலை போடுகிறவர்கள் உள்ள வீடுகளில் புகையிலைக்குப் பஞ்சமில்லை. இரவு முழுக்க ஊறவைத்தால் தேயிலைச் சாயம் மாதிரி இறங்கும். தெளித்த கொஞ்ச நேரத்திலேயே பூச்சி சுருண்டு விழும். மறுநாள் சோதனையில் முதல் மதிப்பெண் வாங்குவது இதுதான். அதில் இருப்பது நிக்கோட்டின். கைத்தோல் வழியாகவே உடம்பில் ஏறி வாந்தியும் தலைசுற்றலும் தரும் கொடிய நஞ்சு. பூச்சிகொல்லியாக அதற்கு இருந்த கடைசிப் பதிவும் அமெரிக்காவில் 2014ல் முடிந்துபோனது. பதப்படுத்திய புகையிலையிலும் உயிரோடிருக்கக்கூடிய தேமல் வைரஸ் தக்காளிக்கும் மிளகாய்க்கும் ஒட்டிக்கொள்ளவும் வழியுண்டு. ஒரு தடவை அந்தச் சாற்றைச் சோடாப் போத்தலில் ஊற்றி அடுப்படி மூலையில் வைத்திருந்தேன். பாடசாலை விட்டு வந்த பிள்ளை தாகத்தோடு அதை எடுத்து மூடியைத் திருகியதைப் பார்த்தேன். அன்றைக்கு ஓடிப்போய்ப் பிடுங்கியவன் அதற்குப் பிறகு புகையிலையை ஊறவைத்ததில்லை. பதிவு பெற்ற பீடைநாசினியில் அளவும், எத்தனை நாள் கழித்துக் காய் பறிக்கலாம் என்பதும், விழுங்கினால் என்ன செய்வது என்பதும் அச்சிட்டிருக்கவேண்டும். அதற்கு 1980ஆம் ஆண்டின் 33ஆம் இலக்கச் சட்டம் இருக்கிறது. அடுப்படி மூலையில் இருந்த என் போத்தலில் ஒன்றுமே எழுதியிருக்கவில்லை. இலையிலிருந்து வந்ததால் அது சாது என்று நினைத்ததே என் தவறு.

இன்னொரு குறையை நான் தாமதமாகத்தான் கண்டேன். பூண்டு, கொச்சிக்காய், சவுக்காரம் மூன்றும் கலந்து போஞ்சிக்குத் தெளித்த ஒரு வருடம், அழுக்கணவன் போன வேகத்தில் இரண்டு வாரத்தில் முன்னைவிட அடர்த்தியாகத் திரும்பி வந்தது. அந்தக் கொடியில் பொறிவண்டுக் குஞ்சுகள் இருந்தன. கறுப்பில் செம்மஞ்சள் புள்ளியோடு சின்ன முதலை மாதிரி ஊர்ந்துகொண்டிருந்த அவற்றைப் பூச்சி என்றே எண்ணி நனைத்துவிட்டேன்.

ஊவாவின் தேயிலை மலைகள் இந்தப் பாடத்தைப் பெரிய அளவில் படித்தவை. கொழுந்தைச் சுருட்டிக் கட்டி உள்ளிருந்து தின்னும் டோர்ட்ரிக்ஸ் புழுவுக்காக 1935-36ல் ஜாவாவிலிருந்து மக்ரோசென்ட்ரஸ் என்ற சிறு குளவியைக் கொண்டுவந்து விட்டார்கள். அது புழுவுக்குள் முட்டையிட்டுப் பெருகி, மருந்தே தேவையில்லாத அளவுக்கு அந்தப் பீடையை அடக்கியது. பிறகு தண்டைத் துளைக்கும் வண்டுக்காக டீல்ட்ரின் அடித்தார்கள். குளவியும் கூடவே செத்தது, டோர்ட்ரிக்ஸ் திரும்பியது. என் சட்டியும் அந்த டீல்ட்ரின் பீப்பாவும் ஒன்றில்லைதான். ஆனால் எது நண்பன், எது பகை என்று பார்க்காமல் அடிக்கும் கை ஒரே கைதான்.

பூஞ்சணம் வேறு விஷயம். ஐப்பசி மழையில் தக்காளி இலையில் எண்ணெய் சிந்தியது போலக் கறை விழுந்தால் எந்த இலைச் சாறும் என்னைக் காப்பாற்றியதில்லை. மடுல்சீமைப் பக்கத்தில் 1869ல் முதன்முதல் கண்ட கோப்பித் துரு இந்த நாட்டுக் கோப்பியையே முடித்துவைத்தது. 1946ல் தேயிலைக்குக் கொப்புள நோய் வந்தபோது மலைகளைக் காத்தது செப்புக் கலவைதான். இயற்கை விவசாயமும் அளவோடு செம்பை அனுமதிக்கிறது. அந்த இடத்தில் பூண்டை நம்பிக் காத்திருந்தால் செடி போய்விடும்.

2021 மே 6ஆந் திகதி இரசாயன உரத்துக்கும் பீடைநாசினிக்கும் இறக்குமதித் தடை வர்த்தமானியில் வந்தது. நவம்பரில் அதை விலக்கவேண்டியதாயிற்று. அந்த மாதங்களில் நாடே கொல்லை மருந்தின் மேல் வந்து விழுந்தது. ஒரு சின்னக் கணக்குப் போட்டிருந்தால் போதும். ஓர் ஏக்கர் மரக்கறிக்கு ஒரு தெளிப்புக்கு 200 லீற்றர் என்று வைப்போம். ஐந்து வீதக் கரைசலுக்குப் 10 கிலோ வேப்பம்பருப்பு வேண்டும். மழையும் வெயிலும் அதன் வீரியத்தைச் சில நாளில் கரைத்துவிடுவதால் வாரம் ஒருமுறை, பத்து வாரம். நூறு கிலோ பருப்பை யார் பொறுக்கி, காயவைத்து, உடைத்து, இடிப்பது? ஒரு விவசாயி, ஒரு ஏக்கர், ஒரு போகம். ஹப்புத்தளைக்கு அப்பால் இதல்கஸ்ஹின்னவில் 1980களிலேயே இயற்கைத் தேயிலை தொடங்கியது. அது மண்ணைத் தேற்றி, கூடுதல் விலை கொடுக்கும் வாங்குபவரைத் தேடி, வருடக் கணக்கில் செய்த வேலை. ஒரே இரவில் எல்லோர் மேலும் அதைச் சுமத்தியதால், அதன்பின் "இயற்கை" என்று சொன்னாலே உருளைக்கிழங்கு விவசாயி முகம் திருப்புகிறார். அந்தத் தடை செய்த மிகப் பெரிய சேதங்களில் இதையும் சேர்க்கவேண்டும்.

நாலு பாத்திக்கே இந்த நேரக் கணக்கு பொருந்தும். ஒரு லீற்றருக்கு 50 கிராம் பருப்பு. உடைத்து, இடித்து, துணியில் கட்டி இரவு ஊறவைத்து, காலையில் பிழிந்து, வெயில் சாய்ந்ததும் தெளிக்கவேண்டும். செலவே இல்லாத முறை என்று மேடைகளில் சொல்கிறார்கள். இங்கே பாத்தியைப் பார்ப்பது பெரும்பாலும் பெண்கள். காலையில் மலைக்கு ஏறி, கொழுந்து நிறுத்துவிட்டு மாலையில் இறங்கி, பீலியில் தண்ணீர் பிடித்து, அடுப்பு மூட்டும் ஒருவருடைய மிச்சமிருக்கும் ஒரு மணித்தியாலம் அதில் போகிறது. 2021ல் நாள் சம்பளத்தை 1,000 ரூபாயாக்க எத்தனை வருடப் போராட்டம் என்பதை நினைத்தால், அந்த மணித்தியாலத்துக்கு விலையில்லை என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

அதனால் எங்கள் வீட்டில் இப்போது கரைசல் கடைசியில்தான் வருகிறது. காலையில் தேத்தண்ணிக் கோப்பையோடு பாத்திக்குப் போய்ப் போஞ்சி நுனிகளைத் திருப்பிப் பார்ப்பேன். அதிகம் மொய்த்த நுனியைக் கிள்ளிச் சவுக்காரத் தண்ணீர் வாளியில் போட்டுவிடுவேன். மற்ற நுனிகளில் உப்பிய பழுப்பு மணிகள் இருக்கின்றனவா என்று தேடுவேன். அவையும் அழுக்கணவன்தான், உள்ளே குளவிக் குஞ்சு வளர்வதால் காய்ந்து உப்பிப்போனவை. சிலவற்றின் முதுகில் ஊசி குத்தியது போல வட்டமாக ஒரு துளை இருக்கும். அதைக் கண்டால் பக்கத்து லயத்து அக்காவையும் கூப்பிட்டுக் காட்டுவேன். அந்தக் கொடிக்கு அன்றைக்கு நாங்கள் ஒன்றும் அடிப்பதில்லை.