சந்தாவும் மலைச்சிற்றூரும்: ஓடிடி தளங்கள் குறித்து ஒரு திறனாய்வு

முன்னுரை

கேபிள் இணைப்பைத் துண்டித்து, வேண்டிய தளத்திற்கு மட்டும் சந்தா செலுத்துவது பார்வையாளருக்குக் கிடைத்த விடுதலை என்னும் கூற்று, தமிழ்க் காட்சி ஊடகம் பற்றிய எழுத்துகளில் ஏறத்தாழ ஓர் எடுகோளாகவே இடம்பெற்றுவிட்டது. இக்கூற்று யாருடைய வீட்டிலிருந்து சொல்லப்படுகிறது என்பது அரிதாகவே கேட்கப்படுகிறது. நீலகிரி மாவட்டம் குந்தா வட்டத்தில், மஞ்சூரை அடுத்துள்ள பிக்கட்டி பேரூராட்சியை நிலைக்களனாகக் கொண்டு நோக்கும்போது அந்த எடுகோள் தளர்வுறுகிறது.

சந்தாவின் கணக்கு

தமிழ்நாடு அரசு கேபிள் டிவி நிறுவனம் 2011 செப்டம்பரில் மாதம் 70 ரூபாய்க்குச் சேவை வழங்கத் தொடங்கியது. தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையத்தின் புதிய கட்டண முறை 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்தபோது, 100 அலைவரிசைகளுக்கான அடிப்படைக் கட்டணம் வரி நீங்கலாக 130 ரூபாய் என வரையறுக்கப்பட்டது. கட்டண அலைவரிசைகளைத் தனித்தனியே தெரிந்தெடுக்கும் உரிமையும் தரப்பட்டது. தேவையானதற்கு மட்டும் விலை என்னும் கருத்து ஓடிடி தளங்களின் கண்டுபிடிப்பு அன்று என்பதை இங்குக் கருதுதல் வேண்டும். ஒளிபரப்பு நிறுவனங்கள் தொகுப்புகளுக்குத் தள்ளுபடி அளித்து அவ்வுரிமையைப் பெயரளவிலானதாக ஆக்கின.

ஓடிடி தளங்கள் அத்தொகுப்பைக் கலைக்கவில்லை. உரிமையாளர்வாரியாகப் பிரித்து வைத்தன. சன் குழுமத்தின் நிகழ்ச்சிகளுக்கு 2017இல் தொடங்கிய சன் நெக்ஸ்ட். விஜய் தொலைக்காட்சிக்கு ஜியோஹாட்ஸ்டார். ஜீ தமிழுக்கு ஜீ5. 2022 தமிழ்ப் புத்தாண்டில் வந்த ஆஹா தமிழ் வேறு. கேபிளில் ஒரே கம்பியில் வந்தவற்றைப் பெறப் பல சந்தாக்களும், அவற்றுக்கு மேல் இணையத் தரவுச் செலவும் தேவைப்படுகின்றன. கேபிள் கட்டணம் ஒரு குடும்பத்திற்கானது. ஓடிடியோ எத்தனை கருவிகள், எத்தனை திரைகள் என்று எண்ணுகிறது.

தொகையைக் காட்டிலும் செலுத்தும் முறை மலையூரில் கூடுதல் பொருள் உடையது. பிக்கட்டி சிறு தேயிலை விவசாயிகள் வாழும் ஊர். இண்ட்கோசர்வ் அமைப்பின் கூட்டுறவுத் தேயிலைத் தொழிற்சாலைகளுள் ஒன்று இங்கு உள்ளது. பசுந்தேயிலைக்கான தொகை கைக்கு வரும் நாளே இத்தகைய ஊர்களில் கடைக்கடனும் சீட்டுத்தவணையும் தீரும் நாள். வீடு தேடி வந்து கேபிள் பணம் வாங்குபவர் அந்நாள்வரை பொறுப்பார். அவருக்கும் அதே ஊரில்தான் வாழ்க்கை. கணக்கில் தொகை இல்லையெனில் செயலி பொறுப்பதில்லை.

பாரத்நெட் திட்டத்தின் இரண்டாம் கட்டம் தமிழகத்தின் 12,525 கிராம ஊராட்சிகளை ஒளியிழை வடத்தால் இணைக்கத் திட்டமிடப்பட்டது. திட்டத்தின் அலகு கிராம ஊராட்சி. நீலகிரியிலோ கிராமங்களாகவே தோன்றும் குடியிருப்புகள் பல, பிக்கட்டியைப் போல, பேரூராட்சி என்னும் வகைப்பாட்டுக்குள் நிற்கின்றன. அந்த எண்ணிக்கையில் அவை சேரா. நிருவாகச் சொல் ஒன்று இணைய வேகத்தைத் தீர்மானிக்கும் விந்தை இது.

சாம்பலூரும் பிக்கட்டியும்

ஓடிடிக்கு நீலகிரி வேண்டாத நிலம் அன்று. திரையரங்குகளைத் தவிர்த்து அமேசான் பிரைமில் 2020 மே 29 அன்று நேரடியாக வெளியான ‘பொன்மகள் வந்தாள்’ உதகையில் நிகழும் கதை. திரையரங்கு உரிமையாளர்கள் அவ்வெளியீட்டை எதிர்த்த செய்தி பரவலாகப் பேசப்பட்டது. படத்தில் உதகை, மூடுபனியும் நீதிமன்றமுமாகச் சுருங்கியது பேசப்படவில்லை. புஷ்கர்–காயத்ரி உருவாக்கி 2022 ஜூன் 17 அன்று வெளிவந்த ‘சுழல்’ தொடர் இவ்வகையில் இன்னும் கூர்ந்து நோக்கத்தக்கது. சாம்பலூர் என்னும் கற்பனை மலையூரில் கதையை இயக்கும் தொழிற்களம் சிமெண்ட் ஆலை, தேயிலை அன்று. நிகழ்வுகளைக் கோக்கும் விழா மயானக் கொள்ளை. மேல்மலையனூர் அங்காளம்மன் வழிபாட்டோடு பிணைந்து வடதமிழகத்தில் பெருவழக்காயுள்ள அவ்விழாவை மலைக்கு ஏற்றியது கதைத்தேவை கருதி ஏற்கத்தக்கதே. தொடர் அவ்விழாவைக் காட்டும் விதத்தில் உழைப்பும் உண்டு. ஆயினும் மலை தன் நிறத்தை மட்டும் கொடுத்து, தன் தெய்வத்தையும் மொழியையும் தொழிலையும் வெளியே நிறுத்திவிட்ட நிலை அங்கு உருவாகிறது.

அத்தொடர் 30-க்கும் மேற்பட்ட மொழிகளில் கிடைத்ததாக விளம்பரப்படுத்தப்பட்டது. மொழித்தெரிவுப் பட்டியலில் படகம் இல்லை. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பு படகத்தைக் கன்னடத்தின்கீழ்த் தொகுத்து, அதைத் தாய்மொழியாகக் கூறியோர் ஏறத்தாழ 1,33,000 பேர் எனக் காட்டுகிறது. சந்தைக் கணக்கில் இது சிறு எண். உள்ளூர்க் கேபிள் இயக்குநருக்கோ அதில் ஒரு சிறு பகுதியே போதுமானது. தமிழகச் சிற்றூர்களில் கேபிள் இயக்குநர்கள் நடத்திவந்த உள்ளூர் அலைவரிசைகள் கோயில் விழாவையும் பள்ளி ஆண்டுவிழாவையும் இரங்கல் அறிவிப்பையும் சன், விஜய் ஆகியவற்றுக்கு அடுத்த எண்ணிலேயே நிறுத்தின. தரம் குறைந்தவை என்று அவற்றைத் தள்ளுவது எளிது. ஹெத்தையம்மன் விழாவை அவ்விழா எடுப்போரே தம் வீட்டுத் தொலைக்காட்சியில் காணும் வாய்ப்பு அத்தகைய அலைவரிசைகளால் அமைவது. சந்தா அடிப்படையிலான தளத்தில் அந்த அடுத்த எண் என்னும் இடமே இல்லை. படகப் பாடல்களும் விழாக் காட்சிகளும் இன்று யூடியூபில் குடியேறியிருப்பதற்கு இதுவும் ஒரு காரணம் எனலாம். அங்கு அவை தேடுவோர்க்கே கிட்டும். கேபிளிலோ தேடாதவரும் அலைவரிசையை மாற்றுகையில் எதிர்ப்பட்டுப் பார்த்தனர்.

‘சுழல்’ தொடரின் இரண்டாம் பருவம் 2025 பிப்ரவரியில் வெளிவந்தது. அதன் கதைக்களம் காளிபட்டினம் என்னும் கடற்கரையூர்.