பிசுக்கைப் போக்குவது எது? பட்டறைக்கும் அடுப்பங்கரைக்கும் ஒரு சோதனை

ஜூனில் சாரல் தொடங்கிவிட்டால் குத்துக்கல்வலசைப் பக்கத்து இரு சக்கர வாகனப் பட்டறைகளில் வேலை கூடிவிடும். ஈரச் சாலையில் ஓடிய செயினில் மணலும் கிரீஸும் கலந்து கரும்பசையாக அப்பியிருக்கும். தென்காசி வழியே போகும் கொல்லம்–திருமங்கலம் தேசிய நெடுஞ்சாலையில் லாரிகள் கிளப்பும் தூசியும் அதோடு சேர்ந்துகொள்ளும். இதைக் கழுவப் பல பட்டறைகளில் இருப்பது பாதியாக வெட்டிய கேனில் கொஞ்சம் பெட்ரோல், தேய்ந்த பிரஷ், துடைக்க ஒரு கைப்பிடி பனியன் வேஸ்ட். அவ்வளவுதான்.

பெட்ரோல் நன்றாகவே கழுவுகிறது. பிரஷை நனைத்து இழுத்தால் கரி கரைந்து ஓடும், இரும்பு பளிச்சென்று தெரியும், துடைக்காமலே காய்ந்துவிடும். இத்தனை வேகமான ஒன்றை ஏன் விட வேண்டும் என்று கேட்பவர்களுக்கு மூன்று பதில்கள் உண்டு. முதலாவது, நெருப்பு. பூஜ்ஜியத்துக்குக் கீழே 40 டிகிரிக் குளிரிலும் பற்றிக்கொள்ளும் அளவுக்கு ஆவி விடுவது பெட்ரோல். அந்த ஆவி காற்றைவிடக் கனமானது. மேலே போகாமல் தரையோடு தவழ்ந்து கம்பிரசர் சுவிட்ச் வரைக்கும், பக்கத்து வெல்டிங் பொறி வரைக்கும் போய்ச் சேரும். இரண்டாவது, பென்சீன். பாரத் ஸ்டேஜ் 6 பெட்ரோலில் அது ஒரு சதவீதம் வரை இருக்கலாம். பென்சீன் மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் என்று பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமை உறுதிப்படுத்தியிருக்கிறது. நாள் முழுக்கக் கையைப் பெட்ரோலில் முக்கி, அதன் ஆவியைச் சுவாசிப்பவர் பட்டறையில் வேலை பழகும் இளைஞர். மூன்றாவது, வண்டிக்கே கேடு. இப்போதைய பைக்குகள் பலவற்றில் ஓ-ரிங் செயின் வருகிறது. பெட்ரோல் அந்த ரப்பர் வளையத்தைக் கெடுத்து உள்ளே அடைத்திருக்கும் கிரீஸையும் கரைத்துவிடும். பளபளப்பாகத் திரும்பிய செயின் சீக்கிரமே தேய்ந்து மாற்ற வேண்டியதாகிவிடும்.

மண்ணெண்ணெயும் டீசலும் இதைவிடத் தேவலை. இரண்டுக்கும் தீப்பற்றும் வெப்பநிலை 35 டிகிரிக்கு மேல். பெட்ரோலைப் போலத் தாவிப் பிடிக்காது. செயினிலும் கியரிலும் இறுகிய கிரீஸை மண்ணெண்ணெய் மெதுவாக, ஆனால் முழுதாக இளக்குகிறது. கழுவிய பிறகு பொருளின் மேல் ஒரு எண்ணெய்ப் படலத்தை விட்டுவிடுவதுதான் அதன் குறை. செயினுக்கு அது பாதகமில்லை. துடைத்துவிட்டுப் புதிய லூப் அடித்துக்கொள்ளலாம். பிரேக் டிஸ்க்கிலோ பிரேக் ஷூவிலோ அதே படலம் உட்கார்ந்தால் பிரேக் பிடிக்காது. குற்றாலத்திலிருந்து மழையில் இறங்கி வரும் வண்டிக்கு அதன் விலை என்னவென்று சொல்ல வேண்டியதில்லை. பிரேக்கைத் தொடும் எந்தத் துணியிலும் மண்ணெண்ணெய், டீசல் வாடையே இருக்கக் கூடாது.

பிரேக்குக்குச் சுவடு விடாமல் ஆவியாகிற ஒன்று வேண்டும். ஐசோபுரோபைல் ஆல்கஹால் போதும். அதுவும் எளிதில் தீப்பிடிப்பது என்பதால் காற்றோட்டமான இடத்தில், கொஞ்சமாக. கடையில் டப்பாவில் விற்கும் பிரேக் கிளீனர் ஸ்ப்ரே இன்னும் வேகமானது. அதை வாங்குமுன் டப்பாவின் பின்பக்கத்தைப் படிப்பது அவசியம். 1999–2000 வாக்கில் அமெரிக்காவின் கலிபோர்னியாவில் வாகனப் பழுது பார்ப்பவர்கள் சிலருக்குக் கையும் காலும் மரத்துப்போய் நரம்பு பாதித்தது. அவர்கள் தினமும் அடித்த ஸ்ப்ரேயில் இருந்த ஹெக்சேன்தான் காரணம் என்று தெரிந்தது. டிரைகுளோரோஎத்திலீன் இன்னொரு பழைய கரைப்பான். புற்றுநோய்க்குக் காரணம் என்று 2012-ல் உறுதியானது, 2024 டிசம்பரில் அமெரிக்கச் சுற்றுச்சூழல் முகமை அதைத் தடைசெய்யும் விதிகளை வெளியிட்டது. குளோரின் கலந்த இவ்வகைக் கரைப்பான் ஈரம் காயாத பாகத்தில் வெல்டிங் வைத்தால் பாஸ்ஜீன் என்ற நச்சு வாயு கிளம்பலாம். முதல் உலகப் போரில் ஆளைக் கொல்லப் பயன்படுத்திய வாயு அது.

இனித் தண்ணீர் வகைக்கு வரலாம். இன்று கேனில் விற்கும் பெரும்பாலான டீகிரீசர்கள் தண்ணீர், சோப்புப் பொருள், கொஞ்சம் காரம் ஆகியவற்றின் கலவைதான். சோப்பு மூலக்கூறின் ஒரு முனை எண்ணெயைப் பிடிக்கும், மறுமுனை தண்ணீரைப் பிடிக்கும். எண்ணெய் துகள் துகளாக உடைந்து தண்ணீரோடு போய்விடும். எஞ்சினின் வெளிப்பக்கத்தில் அடித்து ஐந்து பத்து நிமிடம் விட்டு, காய்வதற்குள் பிரஷால் தேய்த்துக் கழுவினால் வேலை சுத்தமாக முடிகிறது. எஞ்சின் ஆறியிருக்க வேண்டும். சூட்டில் அடித்தால் மருந்து காய்ந்து வெள்ளைக் கறையாக நின்றுவிடும். செயினுக்குக் கூடுதலாகத் தேய்க்க வேண்டியிருக்கிறது. கார்புரேட்டர் ஜெட்டின் நுண்துளையில் இது எடுபடாது. அங்கே அதற்கான கிளீனர்தான், அதுவும் ரப்பர் டயாபிரத்தைக் கழற்றிவிட்டு. தரையில் ஆயில் கொட்டினால் எந்த மருந்தையும் எடுக்குமுன் மரத்தூளைத் தூவி உறிஞ்சவிட வேண்டும். வழித்து எடுத்த பிறகு மிச்சத்துக்கு டீகிரீசர் பாதியளவு கூடத் தேவைப்படாது.

விலையைப் பார்க்கும்போது பாட்டில் விலை ஏமாற்றும். பத்து மடங்கு தண்ணீர் சேர்க்கலாம் என்று போட்டிருந்தால் 5 லிட்டர் கேன் 55 லிட்டர் கரைசலாகும். அப்படியே அடிக்கும் அரை லிட்டர் ஸ்ப்ரேயை இதன் பக்கத்தில் வைத்துக் கணக்குப் போட்டுப் பார்த்தால் பட்டறைக்கு எது கட்டும் என்பது தெரிந்துவிடும்.

அடுப்பங்கரையில் எதிரி வேறு. தாளித்த எண்ணெய் சூட்டிலும் காற்றிலும் மாதக்கணக்காக இறுகிப் பிசின்போல மாறி எக்ஸாஸ்ட் ஃபேன் இறக்கையிலும் சிம்னி வலையிலும் மஞ்சளாக ஒட்டியிருக்கும். பாத்திரம் கழுவும் திரவத்தைக் கை பொறுக்கும் சூட்டு நீரில் கலந்து ஊறவிட்டாலே புதிய பிசுக்கு போய்விடுகிறது. பழையதற்கு அதோடு ஒரு லிட்டருக்கு ஒரு மேசைக்கரண்டி வாஷிங் சோடா சேர்த்தால் எவர்சில்வரிலும் டைல்ஸிலும் நல்ல பலன். ஆப்பச் சோடா இதற்குச் சமமில்லை. அதன் காரம் மிகக் குறைவு. எலுமிச்சையும் வினிகரும் உப்புக்கறைக்கும் துருவுக்கும் உதவும், இறுகிய எண்ணெய்க்கு அவற்றால் பெரிதாக ஒன்றும் ஆகாது. ஆப்பச் சோடாவையும் வினிகரையும் சேர்த்து நுரை பொங்குவதைப் பார்த்து மயங்குகிறவர்கள் அதிகம். அமிலமும் காரமும் ஒன்றையொன்று முறித்துக்கொள்கின்றன, கழுவும் சக்திதான் போகிறது.

காஸ்டிக் சோடா எண்ணெயைச் சோப்பாகவே மாற்றிவிடும். ஆனால் அலுமினியத்தில் பட்டால் உலோகத்தை அரித்து, எரியக்கூடிய ஹைட்ரஜன் வாயுவை வெளிவிடும். சிம்னி வலை பலவும், ஸ்டவ் பாகங்கள் சிலவும் அலுமினியமே. கண்ணில் ஒரு துளி தெறித்தால் பார்வையே போகலாம். வீட்டுக்கு அது வேண்டாம். பிளீச்சிங் பவுடர் கரைசலோடு பாத்ரூம் ஆசிடையோ அம்மோனியா கலந்த கிளீனரையோ சேர்ப்பதும் வேண்டவே வேண்டாம். கிளம்புவது நச்சு வாயு.

தோசைக்கல்லை மட்டும் இவை எல்லாவற்றிலிருந்தும் காப்பாற்ற வேண்டும். அதன் கருப்பு மேற்பரப்பும் இறுகிய எண்ணெய்தான், ஆனால் தோசை ஒட்டாமல் எழும்ப வைப்பது அதுவே. டீகிரீசர் பட்டால் கல்லைத் திரும்பவும் பழக்கி எடுக்க வேண்டியிருக்கும்.

இந்த வேதியியல் நம் ஊருக்குப் புதிதல்ல. சாம்பலில் இருக்கும் காரம் பாத்திர எண்ணெயோடு சேர்ந்து சோப்பாகிறது. பழைய அடுப்பங்கரையில் சாம்பலும் தேங்காய் நாரும் இருந்தது அதனால்தான். சீகைக்காய், பூந்திக்கொட்டை, இலுப்பைப் பிண்ணாக்கு மூன்றிலும் நுரைக்கும் சபோனின் உண்டு. பட்டறைக் கைக்கு இந்த அறிவு இன்றும் உதவும். கிரீஸ் படிந்த கையை வாஷிங் பவுடரும் மணலும் போட்டுத் தேய்ப்பதால் தோல் வெடிக்கிறது. முதலில் கொஞ்சம் தேங்காய் எண்ணெய் விட்டுக் கசக்கித் துணியால் வழித்துவிட்டு, பிறகு சாதாரணச் சோப்புப் போட்டால் கை சுத்தமாகிறது. நைட்ரைல் கையுறை போட்டுக்கொண்டால் அதுவும் தேவையில்லை.

கழுவிய தண்ணீர் எங்கே போகிறது என்பதையும் விமர்சனத்தில் சேர்க்காமல் விட முடியாது. குற்றால அருவிகளில் எண்ணெய், சோப்பு, ஷாம்பு தேய்த்துக் குளிக்க உயர் நீதிமன்ற மதுரைக் கிளை தடை விதித்தது. அந்த அருவி நீர் ஓடும் சிற்றாறு தென்காசியைக் கடந்து சீவலப்பேரியில் தாமிரபரணியில் கலக்கிறது. குளிப்பவர் தலையில் தேய்த்த எண்ணெய்க்கே தடை இருக்கும்போது, வழியில் உள்ள பட்டறையின் கழிவு ஆயில் சாக்கடை வழியாக அதே ஆற்றுக்குப் போவது நியாயமில்லை. பழைய எஞ்சின் ஆயில் 2016-ம் ஆண்டு அபாயகரக் கழிவு விதிகளின்படி அபாயகரக் கழிவு. அதையும், செயின் கழுவிய மண்ணெண்ணெயையும் மூடிய கேனில் சேர்த்து, அங்கீகாரம் பெற்ற மறுசுழற்சியாளரிடம் கொடுக்க வேண்டும். கொடுக்குமுன் மண்ணெண்ணெயைத் தெளியவிட்டு மேலாக வடித்தால் மறுபடி மறுபடி பயன்படும், செலவும் மிச்சம்.

வீட்டுக்கு: பாத்திரத் திரவமும் ஒரு பாக்கெட் வாஷிங் சோடாவும் போதும். பட்டறைக்கு: அலுமினியத்துக்குப் பாதுகாப்பானது என்று தெளிவாக எழுதியிருக்கும் தண்ணீர் வகை டீகிரீசர் ஒரு கேன், செயினுக்கு மூடியுள்ள டப்பாவில் மண்ணெண்ணெய், பிரேக்குக்கு ஹெக்சேனும் குளோரின் கரைப்பானும் இல்லாத கிளீனர். வாங்கும் கடையில் பாதுகாப்புத் தகவல் தாளைக் கேளுங்கள். தர மறுக்கும் சரக்கை வாங்காதீர்கள். வெட்டிய கேனில் பெட்ரோல் வைத்துக் கழுவுவதை இன்றே நிறுத்திவிடுங்கள்.