நிரல் எழுதாதோர் பெயர்: திறமூல மென்பொருட் பதிவேடுகள் குறித்த ஒரு திறனாய்வு

திறமூல மென்பொருள் பலர் கூடிச் செய்யும் ஆக்கம் என்பது எல்லாரும் ஒப்பும் கூற்று. அப்பலருள் எவர் பெயர் பதிவேட்டில் நிற்கிறது என்னும் வினா எழும்போது அவ்வொப்புதல் தளர்கிறது. நிரல் எழுதியவர் பெயர் தானே பதிவாகிறது. இடைமுகத்தை மொழிபெயர்த்தவர், கையேடு எழுதியவர், எழுத்துரு வரைந்தவர், வழுவைக் கண்டு விளக்கியவர், புதியோர்க்கு விடையளித்தவர் ஆகியோர் பெயரையோ எவரேனும் முயன்று பதிய வேண்டியுள்ளது. தமிழைப் பொறுத்தவரை இஃது ஓரத்துச் சிக்கலன்று. பயர்பாக்ஸ், லிப்ரே ஆபிஸ் முதலியவற்றில் தமிழ் என அடையாளம் காணத்தக்கது சொல்லாக்கமும் மொழிபெயர்ப்புமே. அவ்வுழைப்பின் பதிவு மங்கினால் தமிழ்ப் பங்களிப்பின் வரலாறே மங்கும்.

இந்நிலைக்குத் தனிமனிதரின் நன்றியின்மை காரணமன்று; கருவியின் அமைப்பே காரணம். லினஸ் டோர்வால்ட்ஸ் 2005இல் உருவாக்கிய கிட் என்னும் பதிப்பு மேலாண்மைக் கருவி, ஒவ்வொரு மாற்றத்துக்கும் ஆசிரியர், ஒப்படைத்தவர் என இரு பெயர்களைத் தனித்தனியே வைக்கிறது. எழுதியவரும் சேர்த்தவரும் வேறாகலாம் என்னும் நுட்பம் அதில் உண்டு. ஆயினும் கோப்பில் மாற்றமாக வெளிப்படாத உழைப்புக்கு அவ்விரு இடங்களிலும் வழியில்லை. மொழிபெயர்ப்பு கோப்பில் வெளிப்படுவதே. எனினும் ஒருங்கிணைப்பாளர் பலருடைய ஆக்கத்தைத் தொகுத்து ஒரே முறையில் ஒப்படைக்கும்போது, தனியே குறித்தாலன்றி, ஆசிரியர் என்னும் இடத்தில் அவர் பெயரே விழுகிறது.

மொழிபெயர்ப்புக் கோப்பின் தலைப்பகுதி இன்னும் கூர்ந்து நோக்கத்தக்கது. கெட்டெக்ஸ்ட் முறைமையின் வார்ப்புருவில் முதல் ஆசிரியருக்கு ஒரு குறிப்பு வரியும், கடைசி மொழிபெயர்ப்பாளருக்கு ஒரு புலமும் உள்ளன. இடைப்பட்டோர்க்கு வரையறுத்த இடமில்லை. குழு தன் வழக்கத்தால் ஆண்டும் பெயருமாக வரிகளைச் சேர்த்தால் உண்டு, இல்லையேல் இல்லை. குனோம் செயலிகளில் மொழிபெயர்ப்பாளர் பெயர்ப்பட்டியலே மொழிபெயர்க்க வேண்டிய ஒரு தொடராக வருகிறது. மொழிபெயர்ப்பவர் அவ்விடத்தில் தம் பெயரை எழுதிவிட வேண்டும் என்பது ஏற்பாடு. புதிதாக வருபவர் முன்னோர் பெயரின்கீழ்த் தம் பெயரைச் சேர்க்காமல் அதன்மேலேயே எழுதிவிட்டால், செயலியின் அறிமுகச் சாளரத்திலிருந்து முன்னோர் மறைகின்றனர்.

இவ்விழப்பு மரியாதைக் குறைவோடு முடிவதன்று. பதிவிறக்கம், தரவிறக்கம் என்னும் இருசொற்களும் இன்று வழங்குகின்றன. எந்தச் செயலியில் எது முதலில் ஏறியது, எவர் மாற்றினார், எக்காரணத்தால் என்பன சொல்வரலாற்றாய்வுக்குரிய வினாக்கள். கடைசிப் பெயர் மட்டும் நிற்கும் கோப்பு இவற்றுக்கு விடை தராது. உ. வே. சாமிநாதையர் தம் முகவுரைகளில் ஏடு தந்தவர்களையும் உடனிருந்து உதவியவர்களையும் குறித்துச் சென்றது பண்பு மட்டுமன்று. எந்தப் பிரதி எங்கிருந்து வந்தது என்னும் சான்றும் அதுவே.

தீர்வாக முன்வைக்கப்பட்டவை ஒரே தரத்தன அல்ல. ‘ஆல் கான்ட்ரிபியூட்டர்ஸ்’ என்னும் வரையறை, மொழிபெயர்ப்பு, ஆவணம், வடிவமைப்பு, கருத்து எனப் பங்களிப்பு வகை ஒவ்வொன்றுக்கும் ஓர் எமோஜி தந்து எல்லாரையும் ஒரே அட்டவணையில் ஏற்றுகிறது. நோக்கம் பரந்தது. ஆயினும் ஒரு தொடரை மொழிபெயர்த்தவரும் முழு இடைமுகத்தையும் மொழிபெயர்த்தவரும் அதே உலக உருண்டையைப் பெறுகின்றனர். லினக்ஸ் கருநிரலின் மரபு இதனினும் செறிவானது: வழுவைத் தெரிவித்தவர், சோதித்தவர், மதிப்பிட்டவர் என்னும் குறிப்புகள் உரிய மாற்றத்தின் அடியிலேயே நிற்கின்றன. பெயர் செயலோடு பிணைந்திருப்பதால் எவர் எதைச் செய்தார் என்பது பின்னாளில் தேடுவோர்க்கும் கிட்டும். டெபியன் திட்டம் வேறொரு திசையில் சென்றது. மென்பொருட் பொதி செய்யாத பங்களிப்பாளரையும் முழு உறுப்பினராக ஏற்க 2010இல் வாக்கெடுப்பின் வழி முடிவு செய்தது. அவர்களுக்குக் களஞ்சியத்தில் பொதியேற்றும் அனுமதி இல்லை, வாக்குரிமை உண்டு. பெயர்ப்பட்டியலைவிட இது கனமானது என்பதில் ஐயமில்லை. ஆனால் உறுப்பினர் ஆகாமல் ஒரு பருவம் உழைத்து விலகுபவரை அது எட்டாது. தமிழாக்கத்தில் உழைப்போர் பலரும் அத்தகையோர்.

இவ்விடத்தில், மென்பொருள் அல்லாத ஒரு தமிழ் முன்மாதிரி ஒப்புநோக்கத்தக்கது. 1998 பொங்கல் நாளில் தொடங்கப்பெற்று, உலகெங்கும் பரவிய தமிழரின் தன்னார்வ உழைப்பால் வளர்ந்த மதுரைத் திட்டம், தன் மின்னூல்களின் முகப்பில் தட்டச்சு செய்தவரையும் மெய்ப்புப் பார்த்தவரையும் குறிக்கிறது. அம்முகப்பைச் சிதைக்காமல் வைத்திருந்தால் கோப்பை எவரும் கட்டணமின்றிப் பகிரலாம் என்பது அதன் நிபந்தனை. பெயரைக் காக்கும் பொறுப்பு இங்கே படியெடுப்பவர் மேல் வைக்கப்படுகிறது. திறமூல உரிமங்கள் பதிப்புரிமைக் குறிப்பை நீக்கலாகாது என்கின்றன. ஆனால் அக்குறிப்பில் மொழிபெயர்ப்பாளர் பெயர் பெரும்பாலும் இடம்பெறுவதில்லை.

மதுரைத் திட்டத்தின் நிபந்தனையைத் தமிழாக்கக் குழுக்கள் தம் கோப்புகளுக்கும் ஏற்கப் புதிய கருவி தேவையில்லை. தலைப்பகுதியில் முந்தைய வரியை அழிக்காமல் அடுத்த வரியில் ஆண்டையும் பெயரையும் செய்த பணியையும் எழுதுவதும், சொல்லை மாற்றுங்கால் மாற்றியதன் காரணத்தை அத்தொடரின் மேலேயே குறிப்பு வரியாக இடுவதும் இன்றைய கோப்பு வடிவமே இடந்தருவன.