சட்டகங்களுக்கு இடையே செய்தி: அனுப்புநரைச் சரிபார்ப்பது யார் பொறுப்பு?

ஓர் இணையப்பக்கத்துக்குள் இன்னொரு பக்கத்தைப் பதித்துக் காட்டும் பகுதி ஐபிரேம், அதாவது உட்சட்டகம் எனப்படும். 1997இல் எச்.டி.எம்.எல். 4.0 இதைத் தரத்தில் சேர்த்தது. வெளிப்பக்கமும் உட்சட்டகமும் வேறுவேறு தளங்களைச் சேர்ந்தவையானால், ஒன்றன் உள்ளடக்கத்தை மற்றொன்று தொட முடியாது. உலாவியின் 'ஒரே மூலக் கொள்கை' தடுத்துவிடும். அத்தடை இருக்கும்போதே இரண்டும் பேசிக்கொள்ள எச்.டி.எம்.எல். 5 தந்த வழி போஸ்ட்மெசேஜ். இது பயனுள்ள ஏற்பாடுதான். ஆனால் அதன் பாதுகாப்பில் பாதியை மட்டுமே வடிவமைப்பு உறுதிசெய்கிறது. மறுபாதியை நிரலாளரின் கவனத்துக்கு விட்டுவிடுகிறது.

வழங்கி செய்வது என்ன?

ஏ.எஸ்.பி. நெட் பயில்வோர் ரிஜிஸ்டர்ஸ்டார்ட்அப்ஸ்கிரிப்ட் என்னும் கட்டளையைப் பார்த்ததும், வழங்கியே ஜாவாஸ்கிரிப்டை இயக்குகிறது என்று எண்ணிக்கொள்வது உண்டு. உண்மையில் வழங்கி அந்த நிரலைப் பக்கத்தில் வெறும் எழுத்தாகச் சேர்த்து அனுப்புகிறது; இயக்குவது உலாவி. ஆகவே பயனர் தட்டச்சு செய்த சொல்லை அப்படியே அந்த வரியில் ஒட்டக்கூடாது. அதிலுள்ள ஒரு மேற்கோள்குறி போதும், சொல் முடிந்து அந்நியரின் நிரல் தொடங்கிவிடும்.

குறை எங்கே?

ஒரு கடைத்தளம் கட்டணப் பக்கத்தை உட்சட்டகத்தில் வைத்திருக்கிறது என்று கொள்வோம். பணம் செலுத்தியதும் கட்டணத்தளத்தின் வழங்கி ஒரு நிரல்வரியைச் சேர்த்து அனுப்புகிறது. அது வெளிப்பக்கத்துக்கு 'பணம் வந்தது' என்று செய்தி விடுகிறது. இங்கே அனுப்புநர், பெறுநர் இருவருக்கும் கடமை உண்டு.

அனுப்புநர் பக்கத்தில் தொடக்கத்தில் இருந்த ஓட்டையை 2008இல் பார்த், ஜாக்சன், மிட்செல் ஆகியோர் சுட்டிக்காட்டினர். அதன்பின் பெறுநரின் மூலத்தையும் குறிப்பிட்டு அனுப்பும் முறை வந்தது. பெறுநர் பக்கத்தில் அத்தகைய கட்டாயம் இல்லை. செய்தி எந்த மூலத்திலிருந்து வந்தது என்பதை உலாவி சரியாகவே எழுதித் தருகிறது. அதைப் படித்துப் பார்க்காமலேயே செய்தியை ஏற்கவும் விட்டுவிடுகிறது.

இது ஏட்டளவிலான அச்சம் அன்று. சன், ஷ்மாட்டிகோவ் ஆகியோர் 2013இல் வெளியிட்ட ஆய்வு, முன்னணி 10,000 தளங்களைப் பார்த்தது. பல தளங்கள் மூலத்தைச் சோதிக்கவே இல்லை. சில தவறாகச் சோதித்தன. 84 தளங்களில் தாக்குதலுக்கே இடமிருந்தது. தவறான சோதனைக்கு எளிய எடுத்துக்காட்டு: முகவரியில் 'கடை.காம்' என்ற தொடர் இருக்கிறதா என்று மட்டும் பார்ப்பது. 'கடை.காம்.திருடன்.காம்' என்பதிலும் அத்தொடர் இருக்கிறதே!

மதிப்பீடு

சோம்பல் நிரலாளரைக் குறைசொல்லி இதை முடித்துவிட முடியாது. ஏற்கத்தக்க மூலங்களின் பட்டியலைத் தந்தால்தான் செய்தி கிடைக்கும் என்று தொடக்கத்திலேயே விதித்திருந்தால், மறதி பாதுகாப்பின் பக்கம் சாய்ந்திருக்கும். இப்போதோ மறதி தாக்குபவருக்கு உதவுகிறது.

அதுவரை மாணவர்கள் மூன்றைக் கடைப்பிடிக்கலாம். மூலத்தை முழுமையாக ஒப்பிடுக. அனுப்பும்போது பெறுநருக்குப் பதில் உடுக்குறி இட்டு எல்லோருக்கும் திறந்துவிடாதிருக்க. பணம் போன்றவற்றில் சட்டகச் செய்தியைத் தகவலாக மட்டும் கொண்டு, உண்மையைத் தம் வழங்கி வழியாகக் கட்டணத்தளத்தின் வழங்கியிடமே கேட்டு உறுதிசெய்க. உலாவிக்குள் வரும் 'பணம் வந்தது' என்பது ஒரு சொல்தான், ரசீது அன்று.