வீட்டை மறந்த அறை

ஒரு வயதுக் குழந்தைக்கும் தாய்க்கும் உள்ள பிணைப்பை இருபது நிமிடத்தில் எடைபோட வழிகாட்டியவர் உளவியலாளர் மேரி ஐன்ஸ்வொர்த். 1960களில் அமெரிக்காவின் பால்டிமோரில் அவர் வகுத்த ‘அந்நியச் சூழல்’ சோதனையில் பெரிய கருவி எதுவும் கிடையாது. பொம்மைகள் கிடக்கும் புது அறை. முன்பின் தெரியாத ஒருவர் வருவார். தாய் இருமுறை வெளியே போய் இருமுறை திரும்புவார். கட்டத்துக்கு மூன்று நிமிடம். குழந்தை தாங்காமல் அழுதால் முன்பே நிறுத்திவிடுவார்கள்.

அழுகையை அளக்கும் சோதனை இது என்று பலர் நினைக்கிறார்கள். இல்லை. தாய் திரும்பும் அந்தக் கணம்தான் இதன் உயிர். ஒட்டிக்கொண்டு, ஆறி, மறுபடி பொம்மைக்குப் போனால் பாதுகாப்பான பிணைப்பு. முகத்தைத் திருப்பிக்கொண்டால் தவிர்ப்பு. தூக்கச் சொல்லிக் கையை நீட்டிவிட்டு, தூக்கியதும் உதைத்தால் முரண்டு. ஐன்ஸ்வொர்த் அறையை மட்டும் நம்பவுமில்லை. குழந்தையின் முதல் ஆண்டு முழுக்க அவர் குழு வீடுகளுக்குப் போய்ப் பல மணிநேரம் கவனித்திருந்தது. பின்னால் வந்த பலர் வீட்டை விட்டுவிட்டு அறையை மட்டும் எடுத்துக்கொண்டார்கள். கோளாறு அங்கேதான் தொடங்கியது என்பேன்.

உளவியலாளர் ஜெரோம் கேகன் சுபாவத்தைக் காட்டி இந்தச் சோதனையை மறுத்தார்: பிறவியிலேயே மிரளும் குழந்தை கதறும், மிரளாதது அசையாது, இதில் தாயைக் குறை சொல்வானேன்? பாதி நியாயம். ஆனால் அசையாத குழந்தைகளின் இதயத் துடிப்பை ஆய்வாளர்கள் ஸ்ரூஃபும் வாட்டர்ஸும் 1977இல் பதிவுசெய்தபோது, அதுவும் ஏறியே இருந்தது. முகம் சும்மா இருந்தது, நெஞ்சு சும்மா இல்லை. 1987இல் பெல்ஸ்கியும் ரோவைனும் முடிச்சை ஓரளவு அவிழ்த்தார்கள்: பிரிவின் வேதனையைக் குழந்தை எவ்வளவு வெளிக்காட்டும் என்பதில் சுபாவத்தின் கை இருக்கிறது, பிணைப்பு பாதுகாப்பானதா இல்லையா என்பதை அது மட்டும் தீர்மானிப்பதில்லை. நெதர்லாந்தில் வான் டென் போம், எளிதில் சிணுங்கும் 100 குழந்தைகளைத் தேர்ந்து, அவர்களில் பாதிப் பேரின் தாய்மாருக்குக் குழந்தையின் குறிப்பறிந்து நடக்கப் பழக்கினார். ஒரு வயதில் அந்தப் பாதியில்தான் பாதுகாப்பான பிணைப்பு கூடுதல். சிணுங்கும் சுபாவம் தலையெழுத்தல்ல என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று எனக்குத் தெரியாது.

சோதனையின் பெரிய ஓட்டை வேறு. பிரிவு எல்லாக் குழந்தைக்கும் ஒரே அளவில் உறைக்கும் என்று அது எடுத்துக்கொள்கிறது. ஜப்பானின் சப்போரோவில் கெய்கோ தகஹாஷி 60 குழந்தைகளைச் சோதித்தார். தவிர்ப்பு வகையில் ஒன்றுகூட இல்லை. ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு முரண்டு. தாயை விட்டு இருந்தே பழகாத பிள்ளைகள் அவை. பாட்டி இடுப்பை விட்டு இறங்காத நம் ஊர்ப் பிள்ளையை அந்தச் சோதனை அறையில் விட்டால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள்.

பெருந்தொகைக் குழந்தைகளை ஒப்பிட்டு ஆராய இது இன்றும் நல்ல கருவி. ஆனால் இதை மட்டும் கையில் வைத்துக்கொண்டு யாராவது ஒரு தாயைப் பற்றித் தீர்ப்புச் சொன்னால், அந்த வீட்டில் எத்தனை நாள் உட்கார்ந்து பார்த்தீர்கள் என்று கேளுங்கள்.